மடக்குக் கத்திக்குப் புதுப் பிடி

நமது சங்கங்களில் ஆண்டு முடிவில் இருப்புச் சரிபார்க்கும்பொழுது, "உபயோகமற்றவை" என்னும் தலைப்பின்கீழ் எழுதித் தள்ளப்படும் சில்லறைச் சாமான்களை எவரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. தொகை சிறிது, தீர்மானமும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆயினும் அச்சாமான்களை மேசைமேல் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது நம்முடைய வழக்கம். தோட்டக்காரர் சங்கமாயின் அவற்றுள் மடக்குக் கத்திகள் அநேகமாக இருக்கும். திறந்தால் அலகு "டக்" என்று நிலைகொள்கிறது, வில் தளரவில்லை, எஃகு இன்னும் பல ஆண்டுகள் தேய்வதற்கு இடமிருக்கிறது. பழுதானது பிடியின் ஒரு பக்கத்துத் துண்டு மட்டுமே. கால் விரல் நகம் பெயர்ந்த மாட்டைக் கிழடென்று எழுதித் தள்ளுவாரைப் போலத்தான் இதுவும் இருக்கிறது.

வீடுகளில் நிலைமை வேறு. அங்கே எதையும் எளிதில் எறிந்துவிடுவதில்லை. பிடி உடைந்த கத்தியின்மேல் ஒரு துணிக்கந்தலையோ, மின்கம்பிக்குச் சுற்றும் நாடாவையோ சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். சிக்கனம் என்று இதைப் பாராட்ட நமக்கு மனம் வரவில்லை. ஈரம் பட்ட துணி உள்ளங்கைக்குள் திரும்புகிறது. துணி திரும்பினால் அலகும் திரும்பும். அது எங்கே போய் நிற்கும் என்பதைக் கட்டைவிரல்தான் முதலில் அறிகிறது.

விரலோடு தீங்கு முடிந்துவிடுவதுமில்லை. மாவிலும் சப்போட்டாவிலும் ஒட்டுக் கட்டும் அங்கத்தினர் நாம் சொல்லாமலே இதை அறிவர். ஒட்டுக்கான வெட்டு ஒரே இழுப்பில், சமதளமாக விழவேண்டும். பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்படை, குச்சியிலும் தாய்ச்செடியிலும் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்தினாலன்றி ஒட்டு கூடாது. கைக்குள் ஆடுகின்ற கத்தி வெட்டை அலைபோல் வளைத்துவிடும். வளைந்த வெட்டின் நடுவே காற்றும் நீரும் புகும், குச்சி கருகும். "இவ்வாண்டு குச்சி சரியில்லை" என்று நாற்றுப்பண்ணைமீது குறை சொல்லுமுன், வெட்டிய கத்தியின் பிடியை ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஆகவே பிடியை மாற்றும் வேலையை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறோம். வீட்டுத் திண்ணையில், இரண்டு மூன்று மாலைகளில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

முதலில் கத்தியின் அமைப்பை அறிந்துகொள்வோம். அலகு மடங்கி உள்ளே படுக்கும் இடத்திற்கு இருபுறமும் மெல்லிய பித்தளை அல்லது எஃகுத் தகடு இருக்கும், அது உள்தகடு. அவ்வுள்தகட்டின் வெளிப்புறத்தில், நம் கை படும்படி அமைந்த மரம், கொம்பு, பிளாஸ்டிக் முதலிய துண்டுகளே பிடிப்பட்டைகள். பக்கத்திற்கு ஒன்றாக ஒரு கத்திக்கு இரண்டு. சில கத்திகளில் பிடியின் முனையில் உலோகப் பூண் இருக்கும். அலகு சுழலும் அச்சாணி அப்பூணுக்குள் மறைந்திருக்கும். பூண் உள்ள கத்தியில் வேலை எளிது. அச்சாணியைத் தொடாமலே பட்டையை மாற்றிவிடலாம். பூண் இல்லாமல், அச்சாணியும் வில்லைப் பிடித்திருக்கும் ஆணிகளும் பட்டையையும் துளைத்துக்கொண்டு இக்கரையிலிருந்து அக்கரை வரை போகுமானால், கத்தியை முழுவதும் கழற்றியாக வேண்டும். அழுத்தப்பட்டிருக்கும் வில் ஆணி கழன்றவுடன் துள்ளி எழும். மீண்டும் அடக்குவதற்குப் பழகிய கை வேண்டும். அத்தகைய கத்தியைக் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோவதே விவேகம்.

மூன்றாவது வகையும் உண்டு. சுவிட்ஸர்லாந்து நாட்டு விக்டோரினாக்ஸ் கத்திகள் பலவற்றில் பட்டைகளை ஆணி துளைப்பதில்லை. உள்தகட்டின்மேல் புடைத்து நிற்கும் ஆணித் தலைகளின்மேல், உட்புறம் குழிவுள்ள பிளாஸ்டிக் பட்டையை அழுத்தி மாட்டியிருக்கிறார்கள். வெந்நீரில் சற்று நேரம் வைத்தெடுத்து, மெல்லிய தகட்டை இடுக்கில் நுழைத்து நெம்பினால் கழன்றுவிடும். வீட்டில் முதன்முறையாகக் கைவைப்பவருக்கு இதைவிட ஏற்ற கத்தி கிடையாது.

இக்கத்தியின் பெயரை எடுத்தபின், கூட்டுறவாளர் அறியவேண்டிய ஒரு செய்தியைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. கார்ல் எல்செனர் என்பவர் 1884-இல் அந்நாட்டின் ஈபாக் என்னும் ஊரில் சிறு கத்திப் பட்டறை தொடங்கினார். சுவிஸ் படைவீரர்களுக்கு 1891-இல் மடக்குக் கத்தி வழங்கத் தொடங்கியபொழுது, அக்கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்திலிருந்து வந்தன. நம் வீரர் கத்தியை நாமே செய்யலாகாதா என்று எண்ணிய எல்செனர், நாட்டின் கத்தித் தொழிலாளரை ஒரு சங்கமாகத் திரட்டினார். சோலிங்கனின் பெரிய ஆலைகள் குறைந்த விலைக்குக் கொடுத்தன. சங்கத்தில் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினர். எல்செனர் மட்டும் கடன் தலைக்குமேல் ஏறியும் விடாது நின்று, உறவினர் உதவியால் தப்பினார். 1897-இல் அவர் பதிவு செய்த இலகுவான மறு வடிவமே பின்னர் உலகெங்கும் பரவியது. விலகிய அங்கத்தினர்களைக் குறைசொல்ல நமக்கு நா எழவில்லை. விற்ற பண்டத்திற்கு அடக்கவிலையே தேறாதபொழுது எந்தத் தொழிலாளியும் எத்தனை மாதம் தாங்குவான்? அதே போட்டியை நம் நெசவாளர் சங்கங்களும் விசைத்தறியின் முன்னே நின்று கண்டிருக்கின்றன.

நமது வேலைக்கு வேண்டிய குறிப்பும் அவ்வரலாற்றிலேயே இருக்கிறது. அப்படைவீரர் கத்தியின் முதல் பிடிப்பட்டைகள் கருக்கிய ஓக் மரத்தால் ஆனவை. மரம் பிளந்தும் சிதைந்தும் போகவே, 1908-இல் அதை நீக்கி, அழுத்திச் செய்த நார்ப்பலகைக்கு மாறினார்கள். மெல்லிய மரம் கைவேலையில் பிளக்கும் என்பது அன்றே கண்ட உண்மை. பிளக்காமல் காப்பது மரத்தைத் தேர்வதிலும் பதப்படுத்துவதிலும்தான் இருக்கிறது.

வைரம் பாய்ந்த பகுதியே வேண்டும், வெளிறு ஆகாது. நம் பக்கத்து மரங்களுள் புளியின் வைரம் இதற்கு மிகவும் உகந்தது என்பது நம் கருத்து. கருஞ்சிவப்பாய், இரும்புபோல் இறுகி, ஆணி அடித்தாலும் எளிதில் பிளவாதது. அறுப்பவர் வாளைக் கூராக்கிக்கொண்டே இருக்க நேரும் என்பது ஒன்றே குறை. கருவேலும் நல்லதே. வேங்கை பார்வைக்கு அழகு; ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும், தோட்டத்தில் நனையும் கைக்கு ஏற்றதன்று. பனைவைரத்தின் கருங்கோடுகளைக் கண்டு மயங்குவோர் உண்டு. அதன் நார் சிலாம்பாய் எழுந்து உள்ளங்கையில் ஏறும். ஈட்டி மரத்தைக் காக்கவென்றே தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே அதற்காக மரத்தைத் தேடிப் போகவேண்டா. நாற்காலி, கட்டில் செய்யும் தச்சரிடம் எஞ்சிய துண்டு கிடைத்தால் போதும்.

நெசவாளர் வீடுகளில் இதற்கென மரம் தேட வேண்டியதே இல்லை என்றுகூடச் சொல்லலாம். கழித்துப் போட்ட தறியின் பலகைகளும் கட்டைகளும் பரணில் கிடக்கின்றன. தலைமுறைக் காலம் வீட்டு நிழலிலேயே இருந்து, உலர்ந்து, இனி முறுகவோ சுருங்கவோ ஏதுமில்லாத மரம் அது. கடையில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அவ்வளவு பதப்பட்ட மரம் கிடைப்பது அரிது. விறகாக எரிப்பவர்கள் முன்னதாக ஒரு சாண் நீளத் துண்டை எடுத்து வைப்பார்களாக. எண்ணெய் ஊறிய பகுதியை மட்டும் தவிர்த்தல் வேண்டும். அதில் பசை பிடிக்காது.

புதிதாக வெட்டிய மரமாயின் உலர்ந்ததா என்று கையால் தொட்டுத் தீர்மானிப்பது சரியன்று. துண்டை வீட்டுக்குள் காற்றாட வைத்து, வாரம் ஒருமுறை நுட்பமான தராசில் நிறுத்து எழுதி வரவேண்டும். எடை குறைந்துகொண்டே வந்து, சில வாரங்கள் மாறாமல் நின்றால் பயன்படுத்தலாம். கணக்கு எழுதச் சோம்புகிறவர் பிளந்த பட்டையோடு திரும்பி வருவார்.

கொம்பைப் பற்றியும் கேட்பார்கள். எருமைக் கொம்பு நல்ல பொருள். ஒடிசாவில் கட்டக்கிலும் பாரலாகெமுண்டியிலும், உத்தரப் பிரதேசத்தில் சம்பலிலும் அதை நம்பி வாழும் கைவினைஞர் பலர். கொதிநீரில் இளக்கிப் பலகைகளுக்கிடையே அழுத்தித் தட்டையாக்குவார்கள். அராவும்பொழுது மயிர் கருகும் நாற்றம் வீசும் என்பதால் வீட்டார் வரவேற்க மாட்டார்கள். மான் கொம்பும் யானைத் தந்தமும் வேண்டவே வேண்டா. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றை விற்பதும் வாங்குவதும் சிறைக்குரிய குற்றம். "காட்டில் தானாக உதிர்ந்தது" என்று சந்தையில் எவரேனும் நீட்டினாலும் கைநீட்டாதிருப்பதே நலம்.

இனி வேலைக்கு வருவோம். பூண் உள்ள கத்தியையே எடுத்துக்கொள்வோம். அலகை மடக்கி, திறந்துகொள்ளாதபடி நூலால் இறுகக் கட்டியபின்னரே எதையும் தொடங்கவேண்டும். ஆணித் தலையைச் சிற்றரத்தால் அராவி, மழுங்கிய உளியைப் பட்டைக்கும் உள்தகட்டிற்கும் இடையே செலுத்திச் சிறிது சிறிதாக நெம்புக. உடையாத பட்டையை எறிந்துவிடலாகாது. புதியதற்கு அதுவே அளவு. அதைத் திருப்பிப் போட்டு வரைந்தால் மறுபக்கத்துக்கும் அளவு கிடைத்துவிடும்.

இரண்டு பட்டைகளையும் ஒரே துண்டிலிருந்து எடுக்கவேண்டும். 12 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரைச் சென்டிமீட்டர் கனமுள்ள துண்டை நடுவே பிளந்து, ஏட்டை விரித்தாற்போல் திருப்பி வைத்தால், ரேகைகள் இருபுறமும் ஒன்றுபோல் அமையும். அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரே மரத்தின் அருகருகே இருந்த துண்டுகள் மழைக்கும் வெயிலுக்கும் ஒரே அளவில் அசையும். நாரோட்டம் பிடியின் நீளவாக்கில் போகவேண்டும். குறுக்கே போனால் இரண்டு நாளில் முறியும்.

உட்புறம் தட்டையாயிருப்பதே எல்லாவற்றிலும் முக்கியம். கண்ணாடிச் சில்லின்மேல் உப்புத்தாளை ஒட்டி, பட்டையை அதன்மேல் வைத்து ஒரே திசையில் தேய்க்க வேண்டும். பின்னர் உள்தகட்டின்மேல் வைத்து விளக்கை நோக்கிப் பிடித்துப் பார்த்தால், ஒளி புகும் இடம் எல்லாம் மேடு பள்ளம். ஒளி மறையும் வரையில் பொறுமை தேவை. அடுத்து, பூணோடு ஒட்டும் முனையை முதலில் சரிசெய்து, மற்ற விளிம்புகளை அளவைவிட ஒரு மில்லிமீட்டர் மிகையாகவே விட்டுவைக்க வேண்டும். பலர் முதலிலேயே வடிவத்தை முழுதும் வெட்டிவிட்டுப் பூணருகே இடைவெளியோடு திண்டாடுகிறார்கள்.

விக்டோரினாக்ஸ் வகையில் ஆணித் தலைகளுக்கு மரத்தின் உட்புறத்தில் குழி வேண்டும். குழியின் இடத்தைக் குறிப்பதற்கு நம் வீட்டுப் பொருளே போதும். குங்குமத்தை ஒரு துளி எண்ணெயில் குழைத்து ஆணித் தலைகளில் தொட்டு, பட்டையை நேராக வைத்து அழுத்தினால், குழிய வேண்டிய இடத்தில் சிவப்புப் பொட்டு விழுந்திருக்கும். அவ்விடத்தில் கைத்துரப்பணத்தால், ஆணித் தலை அமிழும் ஆழத்திற்கு மட்டும் குடைந்தால் போதும். மறுபுறம் துளைத்துக்கொண்டு வராதபடி, துரப்பண முனையில் ஆழத்தை அடையாளமாக நூல் சுற்றிக்கொள்ளலாம். குடைந்தபின் குங்கும எண்ணெய் பட்ட இடத்தை உப்புத்தாளால் தேய்த்து நீக்கிவிட வேண்டும். எண்ணெய் மிஞ்சினால் பசை ஏமாற்றும்.

பூண் வகையில் உள்தகட்டில் முன்பே இருக்கும் துளைகளை வழியாகக்கொண்டு துளையிடுவதே சரி. அளவெடுத்துத் தனியே துளைத்தால் அரை மில்லிமீட்டர் தவறும். அவ்வரை மில்லிமீட்டர் வேலை முழுவதையும் கெடுக்கும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. புதுக் கத்தி செய்யும் பட்டறையில், பட்டையை உள்தகட்டோடு பிணைக்கும் ஆணியை, வில்லையும் அலகையும் பூட்டுவதற்கு முன்னரே உட்புறத்தில் தட்டி மழுக்கிவிடுகிறார்கள். பூட்டிய கத்தியில் நாம் உள்ளே சுத்தியலை நுழைக்க முடியாது. ஆகையால், வீட்டு வேலையில் பட்டையைத் தாங்குவது பசைதான். ஆணி, பட்டை நழுவாதபடி காக்கும் துணை மட்டுமே. ஆணியின் நுனி உட்புறம் இம்மியளவு நீண்டிருந்தாலும் அலகு அதில் உரசி ஒவ்வொரு முறையும் கூர் மழுங்கும். இதை உணராமல் நீண்ட ஆணியை அடித்துவிட்டு, கத்தி சாணை நிற்கவில்லை என்று எஃகைப் பழிக்கலாகாது.

பசைக்கு அரால்டைட் போன்ற இரட்டைக் குழாய்ப் பசை போதுமானது. விரைவில் இறுகுவதைவிட மெதுவாக இறுகும் வகையே உறுதி மிக்கது. உள்தகட்டை உப்புத்தாளால் கீறிச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்தபின் தடவவேண்டும். பசை அலகு மடங்கும் இடத்திற்குள் வழிந்தால் கத்தி திறவாது. விளிம்பருகே குறைவாகத் தடவுக. கிடுக்கி இல்லாதவர், பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அதன்மேல் பழைய சைக்கிள் டியூபை நீளப்பட்டையாக அறுத்து இழுத்துச் சுற்றினால், ஒட்டுக் கட்டியதுபோலவே இறுகப் பிடித்துக்கொள்ளும். ஓர் இரவும் பகலும் அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

வடிவம் கொடுக்கும் வேலைதான் உண்மையில் உரியவரின் வேலை. கடையில் விற்கும் பிடி எவர் கைக்கும் ஏற்றதாகச் செய்தது. அதாவது, குறிப்பாக ஒருவர் கைக்கும் ஏற்றதன்று. ஒட்டுக் கட்டுபவருக்குப் பக்கங்கள் சற்றுத் தட்டையாகவும் வயிறு சற்றே புடைத்தும் இருக்கவேண்டும். உருண்டைப் பிடி கைக்குள் சுழலும். தட்டைப் பக்கம் இருந்தால், அலகு எத்திசை நோக்கியிருக்கிறது என்பதைக் கண்ணால் பாராமலே கை அறியும். நூல் முனைகளைக் கத்தரிக்கும் நெசவாளருக்கு மெல்லிய பிடியே போதும். இடக்கைப் பழக்கமுள்ளவர் இதுவரை பொறுத்துக்கொண்ட தொல்லையை இப்பொழுது தீர்த்துக்கொள்ளலாம். சிறிது அராவுக, பிடித்துப் பார்க்க, மீண்டும் அராவுக. 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 220 என்று ஏறி 400-இல் நிறுத்திவிடலாம். அதற்குமேல் பளபளப்பாக்குவது கண்காட்சிக்கு உதவும். வியர்த்த கையில் வழுக்கும்.

தேய்க்கும்பொழுது எழும் தூளை அலட்சியம் செய்யலாகாது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் வகைப்படுத்தியிருக்கிறது. ஒரு கத்திக்குப் பிடி போடுவதால் நோய் வந்துவிடாது. எனினும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, குழந்தைகள் இல்லாத திறந்த இடத்தில் தேய்ப்பது நல்லது.

இறுதியாக எண்ணெய். தேங்காயெண்ணெய் மரத்தில் காயாது. பிசுபிசுப்பாகவே நின்று அழுக்கேறும். ஆளிவிதை எண்ணெயே உரியது. துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவி, அரை மணி கழித்து மிஞ்சியதைத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, இவ்வாறு 3 அல்லது 4 முறை செய்தால் மரம் ஈரத்தை எளிதில் ஏற்காது. மேலே தேன்மெழுகு தேய்க்கலாம்.

எண்ணெய் தொட்ட துணியைப் பற்றி நெசவாளர் வீட்டார்க்குத் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் காய்வதென்பது, அது காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிக் கெட்டிப்படுவதாகும். அப்படிக் கூடும்பொழுது வெப்பம் பிறக்கிறது. துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே ஏறி, பொறியோ நெருப்போ இல்லாமல் தானே பற்றிக்கொள்ளும். பஞ்சுக் கழிவும் அவ்வாறே. நூற்சிட்டமும் பாவும் இருக்கும் வீட்டில் இதன் பொருள் என்னவென்று நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. துணியை நீரில் நனைத்தோ, வெளியே கொடியில் ஒற்றைப் படையாக விரித்தோ உலர்த்தி அப்புறப்படுத்த வேண்டும். அன்றிரவு "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று எவரும் படுக்கைக்குப் போகலாகாது.

முடித்த கத்தியைத் திறந்து, மூட்டில் புகுந்த தூளை ஊதி நீக்கி, அச்சாணியில் ஒரு சொட்டு இயந்திர எண்ணெய் விட்டால் வேலை ஆயிற்று. முதல் ஒரு வாரம் வழக்கமான வேலைக்கே உபயோகித்து, எந்த இடத்தில் விரல் உறுத்துகிறது என்று கவனித்து, அவ்விடத்தை மட்டும் இன்னும் சற்றுத் தேய்த்து, மறுபடி எண்ணெயிடலாம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கழிவுப் பட்டியல் வரும்பொழுது, கத்திகளை வரவழைத்துத் திறந்து பார்த்தபின் அந்த வரியை நிறைவேற்றும்படி குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.